எந்தச் சக்தியில் பறப்பது? – சாமுவேல் லாங்லியின் கதை

(மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல் துறை மாணவன்)



ஆண்டு மலர் என்றாலே ஜெயித்தவர்களைப் பற்றி எழுதுவதுதான் வழக்கம். நான் எழுதப்போவது ஒரு நாடே பார்த்துச் சிரித்த மனிதரைப் பற்றி. அவர் பெயர் சாமுவேல் பியர்பாண்ட் லாங்லி. அமெரிக்கர். இறந்து நூறு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. அவரிடம் என்னைக் கொண்டுபோய் விட்டது எங்கள் ஃபைனல் இயர் புராஜெக்ட்.

ஆறு பேர் சேர்ந்து ரேடியோ கண்ட்ரோலில் ஓடும் ஒரு மாதிரி விமானம் செய்வது என்று முடிவெடுத்தோம். அதோடு சண்டையும் ஆரம்பித்துவிட்டது. மெத்தனால் ஊற்றி ஓட்டும் சின்ன குளோ இன்ஜின் வைப்பதா, பேட்டரியில் ஓடும் மோட்டார் வைப்பதா? நான் இன்ஜின் கட்சி. எங்கள் அப்பா கிராமத்தில் ஆயில் இன்ஜின் ரிப்பேர் பார்ப்பவர். பம்ப்செட் இன்ஜின் சத்தத்தில்தான் எங்கள் வீட்டு அடுப்பு எரிந்தது. அந்த வீட்டிலிருந்து முதல்முதலாகப் படிக்க வந்தவன் நான். மோட்டார் என்று ஒத்துக்கொண்டால் அப்பாவையே விட்டுக்கொடுத்த மாதிரி எனக்கு ஒரு வீம்பு. என் கட்சிக்கு ஆதாரம் தேடித்தான் நூலகத்துக்குப் போனேன். லாங்லி கிடைத்தார். சண்டையில் ஜெயிக்க அவர் எனக்கு உதவவில்லை. சண்டையே தப்பு என்று காட்டினார். எப்படி என்று கேளுங்கள்.

பட்டம் வாங்காத பேராசிரியர்

லாங்லி 1834 ஆகஸ்ட் 22-ல் பாஸ்டன் நகரை ஒட்டிய ராக்ஸ்பரியில் பிறந்தார். உயர்நிலைப் பள்ளியோடு சரி, கல்லூரிக்குப் போகவில்லை. சிகாகோ, செயின்ட் லூயிஸ் நகரங்களில் சிவில் இன்ஜினியராகவும் கட்டிட வரைவாளராகவும் வேலை பார்த்தார். நம்ம டிராயிங் ஹாலில் நாம் பிடிக்கிற பென்சிலைப் போல் ஒரு பென்சிலைப் பிடித்துத்தான் அவரும் வாழ்க்கையைத் தொடங்கியிருக்கிறார். ஊர் திரும்பிய பிறகு தம்பி ஜானோடு சேர்ந்து சொந்தக் கையால் ஒரு தொலைநோக்கி செய்தார். கண்ணாடியைத் தேய்ப்பது, சோதிப்பது, சரியில்லை என்றால் மறுபடி தேய்ப்பது... அந்தப் பொறுமைதான் அவருக்குக் கல்லூரி.

பிறகு ஹார்வர்டு வானாய்வகத்தில் உதவியாளர் வேலை. 1866-ல் கடற்படைக் கல்விக்கூடத்தில் கணிதம் சொல்லிக்கொடுத்தார். 1867-ல் பிட்ஸ்பர்க் பக்கம் அலிகெனி வானாய்வகத்துக்கு இயக்குநர் ஆனார். அங்கே போதிய பணம் இல்லை. நட்சத்திரங்களை வைத்துத் துல்லியமாக நேரம் கணித்து, அதைத் தந்தி வழியாக பென்சில்வேனியா ரயில்வே கம்பெனிக்கு விற்றார். 1869-ல் தொடங்கிய அந்த வருமானத்தில் ஆராய்ச்சி நடந்தது. கையில் காசில்லாத ஆய்வகத்தை நடத்தவும் ஒரு மூளை வேண்டும், இல்லையா?

1880 வாக்கில் போலோமீட்டர் என்ற கருவியைக் கண்டுபிடித்தார். எலக்ட்ரிகல் லேபில் நாம் வீட்ஸ்டன் பிரிட்ஜ் செய்கிறோமே, அதே தத்துவம்தான். கரி பூசிய இரண்டு மெல்லிய பிளாட்டினப் பட்டைகளில் ஒன்றை மூடி வைத்து, மற்றொன்றின் மேல் வெப்பம் படவிடுவார். சூடானால் மின்தடை மாறும், பிரிட்ஜின் சமநிலை கெடும், கால்வனாமீட்டர் முள் அசையும். ஒரு டிகிரியில் லட்சத்தில் ஒரு பங்கு மாறினாலும் அது காட்டிக்கொடுக்கும். 1881-ல் அதைத் தூக்கிக்கொண்டு 4,400 மீட்டர் உயர விட்னி மலைக்குப் போய்ச் சூரிய வெப்பத்தை அளந்தார். பட்டம் இல்லாத அந்த மனிதர் 1887-ல் வாஷிங்டனில் உள்ள ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் செயலாளர் ஆனார். அமெரிக்க விஞ்ஞானத்தில் அதைவிடப் பெரிய நாற்காலி அப்போது இல்லை என்றே சொல்லலாம்.

ஐம்பது வயதுக்கு மேல் வந்த ஆசை

1886-ல் பஃபலோ நகரில் ஒரு விஞ்ஞானிகள் மாநாடு. பறவைகள் சிறகடிக்காமல் மிதப்பதைப் பற்றி ஒருவர் பேசினார். கேட்டவர்களில் பலர் கேலி செய்தார்கள். 52 வயது லாங்லிக்கு மட்டும் அது மனதில் தைத்துவிட்டது. காற்றைவிடக் கனமான ஒன்று பறக்க எவ்வளவு சக்தி வேண்டும்? யாரும் சரியாக அளந்ததில்லை. அளந்துதான் பார்ப்போமே என்று இறங்கினார்.

அலிகெனியில் 60 அடி விட்டத்தில் ஒரு சுழல் மேடை கட்டினார். ராட்டினம் மாதிரி நீண்ட கை. நீராவி இன்ஜின் அதை மணிக்கு 70 மைல் வேகம் வரை சுற்றும். கையின் நுனியில் தட்டையான பலகைகளையும், பாடம் செய்த பறவைகளையும்கூடக் கட்டிச் சுற்றி, காற்று தூக்கும் விசையை அளந்தார். 1891-ல் முடிவுகளைப் புத்தகமாக வெளியிட்டார். அதில் சில கணக்குகள் தவறு என்று பின்னால் தெரிந்தது. ஆனால் அன்று இருந்த இன்ஜின்களின் பலத்திலேயே பறக்க முடியும் என்று எண்களைக் காட்டிச் சொன்னது பெரிய தைரியம்.

காகிதத்தில் பறந்தால் போதுமா? மாதிரி விமானம் செய்யத் தொடங்கினார். இங்கேதான் நம்ம சண்டை அவருக்கும் வந்தது. எந்தச் சக்தி?

ரப்பர், காற்று, மின்சாரம், நீராவி

முதலில் ரப்பர். பிரான்சில் அல்ஃபோன்ஸ் பெனோ என்ற இளைஞர் 1871-ல் முறுக்கிய ரப்பரால் ஒரு சின்ன விமானத்தைப் பாரிஸ் பூங்காவில் சுமார் 11 விநாடி பறக்கவிட்டிருந்தார். லாங்லியும் அந்த வழியில் பல ரப்பர் மாதிரிகளைச் செய்தார். ரப்பர் லேசு, மலிவு. குறை என்னவென்றால் முறுக்கு சில விநாடியில் தீர்ந்துவிடும். சமநிலை சரியா, இறக்கை சரியா என்று கவனிப்பதற்குள் மாதிரி தரையில் கிடக்கும். மாதிரியைப் பெரிதாக்கினால் ரப்பரின் முறுக்கைத் தாங்க உடலையும் கனமாக்க வேண்டும்.

அடுத்து அழுத்திய காற்று, கார்பானிக் அமில வாயு என்று ஒவ்வொன்றாகப் பார்த்தார். வாயுவை அழுத்தி அடைக்கக் கெட்டியான உருளை வேண்டும். அந்த உருளையின் கனமே விமானத்தை உட்கார வைத்துவிடும்.

மின்சாரத்தையும் அவர் யோசிக்காமல் விடவில்லை. அப்போதே மின்சாரம் வானத்துக்குப் போயிருந்தது! 1884 ஆகஸ்ட் 9-ல் பிரெஞ்சு ராணுவ அதிகாரிகள் ரெனார், கிரெப்ஸ் இருவரும் லா ஃபிரான்ஸ் என்ற ஆகாயக் கப்பலை மின் மோட்டாரால் ஓட்டி, 23 நிமிடத்தில் 8 கிலோமீட்டர் சுற்றிக் கிளம்பிய இடத்துக்கே வந்து இறங்கினார்கள். அதன் பேட்டரி மட்டும் நானூறு கிலோவுக்கு மேல். ஆகாயக் கப்பலுக்கு அது கட்டுப்படி ஆகும். ஏனென்றால் சுமையைத் தூக்குவது பலூனில் உள்ள ஹைட்ரஜன், மோட்டார் தள்ளினால் மட்டும் போதும். விமானத்தில் அப்படி இல்லை. ஒவ்வொரு கிராமையும் இறக்கைதான் தூக்க வேண்டும். அந்த இறக்கையை ஓட விடுவது இன்ஜின். பேட்டரியின் கனத்தைக் கணக்குப் போட்ட லாங்லி மின்சாரத்தை ஒதுக்கினார். அன்றைய கணக்கு அது. அதில் தப்பே இல்லை.

பெட்ரோல் இன்ஜின் அப்போது இன்னும் குழந்தை. கனம் அதிகம், நம்பவும் முடியாது. மிஞ்சியது நீராவி. நூறு வருஷத்துக்கு மேல் பழகிய தொழில்நுட்பம். ஆனால் ரயில் பாய்லரை ஆகாயத்துக்குத் தூக்க முடியுமா? செம்புக் குழாயைச் சுருளாகச் சுற்றி, பெட்ரோல் ஆவியில் எரியும் பர்னரை உள்ளே வைத்து, நீரை நொடியில் ஆவியாக்கும் சின்ன பாய்லரை உண்டாக்கினார். முதல் நீராவி மாதிரி கனம் தாங்காமல் பறக்கவிடாமலே கைவிடப்பட்டது. பிறகும் ஒன்றன்பின் ஒன்றாகப் பழுது. இன்ஜின் சரியானால் இறக்கை முறுக்கிக்கொள்ளும். இறக்கை சரியானால் பர்னர் அணைந்துவிடும்.

தன் விமானங்களுக்கு ஏரோட்ரோம் என்று பெயர் வைத்தார். காற்றில் ஓடுவது என்று கிரேக்க மொழியில் பொருள் எடுத்துக்கொண்டார். இன்றைக்கு அந்தச் சொல் விமானத் தளத்தைக் குறிக்கிறது.

1896 மே 6

வர்ஜீனியாவில் குவான்டிகோ அருகே பொட்டோமாக் ஆறு. ஒரு படகு வீட்டின் கூரை மேல் ஸ்பிரிங் வைத்த ஏவுதளம். 1893-லிருந்து அங்கே வருவதும், காற்றுக்குக் காத்திருப்பதும், தோற்றுத் திரும்புவதுமாக மூன்று வருஷம் ஓடிவிட்டது. அன்றைக்கும் முதலில் ஏவிய ஆறாம் எண் மாதிரி ஒரு கம்பி மாட்டி இறக்கை உடைந்து விழுந்தது. பிறகு ஐந்தாம் எண். முன்னும் பின்னுமாக இரண்டு ஜோடி இறக்கை, 4 மீட்டருக்கு மேல் அகலம், சுமார் 11 கிலோ எடை, ஏறக்குறைய ஒரு குதிரைச் சக்தி கொண்ட நீராவி இன்ஜின், இரண்டு புரொப்பல்லர்.

பிற்பகல் மூன்று மணி சுமாருக்கு ஏவினார்கள். கொஞ்சம் கீழே இறங்கிய மாதிரி ஒரு பாவனை. பிறகு மேலே ஏறியது! வட்டமடித்தது. ஒன்றரை நிமிடம் போல் பறந்தது. நீராவி தீர்ந்ததும் பூப்போல ஆற்றில் உட்கார்ந்தது. 3,300 அடி தூரம்! எடுத்துத் துடைத்து மறுபடி விட்டார்கள். 2,300 அடி பறந்தது. டெலிபோனைக் கண்டுபிடித்த அலெக்சாண்டர் கிரஹாம் பெல் பக்கத்தில் நின்று படம் எடுத்தார். ஆள் இல்லாத, இன்ஜின் வைத்த, ஓரளவு பெரிய விமானம் ஒன்று நிலையாக வெகுதூரம் பறந்தது உலகத்தில் அதுதான் முதல் தடவை. அந்த வருஷமே நவம்பர் 28-ல் ஆறாம் எண் மாதிரி ஏறக்குறைய 5,000 அடி பறந்தது.

லாங்லிக்கு அப்போது 61 வயது. அதோடு நிறுத்தியிருந்தால் மாலை மரியாதையோடு போயிருப்பார்.

பெரிய விமானம், பெரிய வீழ்ச்சி

1898-ல் ஸ்பெயினோடு போர் வந்தது. ஆள் ஏறிப் பறக்கும் விமானம் செய்ய அமெரிக்கப் போர்த்துறை 50,000 டாலர் கொடுத்தது. இப்போது மறுபடி அதே கேள்வி. எந்தச் சக்தி? ஒன்றரை நிமிடம் பறக்கக் கொஞ்சம் நீர் போதும். ஆளைத் தூக்கிக்கொண்டு நெடுநேரம் பறக்க எவ்வளவு நீரைச் சுமப்பது? அதனால் தனக்கு வெற்றி கொடுத்த நீராவியையே லாங்லி கைவிட்டார். பாய்லர் வேண்டாம், சிலிண்டருக்குள்ளேயே எரியட்டும் என்று பெட்ரோலுக்கு மாறினார். ஜெயித்த குதிரையை மாற்ற எத்தனை பேருக்கு மனசு வரும்?

நியூயார்க்கின் ஸ்டீபன் பால்சர் 12 குதிரைச் சக்தி இன்ஜின் செய்து தர ஒப்புக்கொண்டார். அது சொன்ன சக்தியைக் கொடுக்கவே இல்லை. கார்னெல் பல்கலைக்கழகத்திலிருந்து வந்த உதவியாளர் சார்லஸ் மேன்லி அந்த இன்ஜினை எடுத்துக்கொண்டு வருஷக்கணக்கில் உழைத்தார். சுழலும் சிலிண்டர்களை நிலையாக நிறுத்தினார், நீரால் குளிரவைத்தார். கடைசியில் ஐந்து சிலிண்டர் ரேடியல் இன்ஜின் 52 குதிரைச் சக்தி கொடுத்தது. குளிர்நீர் எல்லாம் சேர்த்து எடை சுமார் 94 கிலோ. அந்தக் காலத்துக்கு அது ஒரு அதிசயம். நடுவே நாலில் ஒரு பங்கு அளவில் ஒரு மாதிரியும் செய்தார்கள். 1901 ஜூன் 18-ல் பெட்ரோல் இன்ஜினால் பறந்த முதல் விமானம் அந்த மாதிரிதான்! 1903 ஆகஸ்ட் 8-லும் அது பறந்து காட்டியது.

மாதிரி பறக்கிறது, இன்ஜின் தயார். அப்படியே நாலு மடங்கு பெரிதாக்கினால் முடிந்தது என்று நினைத்தார்கள். இங்கேதான் நண்பர்களே, ஸ்ட்ரெங்த் ஆஃப் மெட்டீரியல்ஸ் பாடம் வருகிறது. நீளத்தை நாலு மடங்கு ஆக்கினால் பரப்பு பதினாறு மடங்கு ஆகும். கன அளவோ அறுபத்துநாலு மடங்கு ஆகும். சின்னதில் கிண்ணென்று நின்ற இறக்கை பெரியதில் வளையும், முறுக்கும். அதோடு, மாதிரியை ஓட்ட ஆள் தேவையில்லை. பெரியதில் உட்காரும் ஆள் காற்று தள்ளும்போது சமாளிக்கப் போதிய கட்டுப்பாடு இல்லை. பறந்து பழகவும் வழியில்லை. முதல் நாளே ஆற்றின் மேல் ஏவுதளத்திலிருந்து தூக்கி எறியப்பட வேண்டும்.

1903 அக்டோபர் 7. மேன்லி ஏறி உட்கார்ந்தார். ஏவியதும் விமானம் நேராக ஆற்றுக்குள் போனது. ஏவுதளத்தில் ஏதோ மாட்டிக்கொண்டது என்றார் லாங்லி. டிசம்பர் 8, மறுபடி. இந்தத் தடவை பின்பக்கம் முறிந்து, விமானம் அண்ணாந்து மல்லாக்க விழுந்தது. பனிக்கட்டி மிதக்கும் நீருக்கு அடியில் சிக்கிய மேன்லி எப்படியோ உயிரோடு வெளியே வந்தார். இரண்டு தடவையும் இன்ஜின் மேல் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை.

பத்திரிகைகள் கிழித்துத் தொங்கவிட்டன. நாடாளுமன்றத்தில் பேசிப் பேசிச் சிரித்தார்கள். மக்கள் வரிப்பணம் ஆற்றில் போச்சு என்றார்கள். 69 வயதுப் பெரியவர் அதற்குமேல் பறக்க முயலவில்லை.

சரியாக ஒன்பது நாள். டிசம்பர் 17-ல் கிட்டி ஹாக்கில் ரைட் சகோதரர்கள் பறந்தார்கள். கல்லூரிப் பட்டம் இல்லாத சைக்கிள் கடைக்காரர்கள்! அவர்கள் இன்ஜின் கொடுத்தது 12 குதிரைச் சக்திதான். லாங்லியிடம் இருந்ததில் கால்வாசிகூட இல்லை. ஆனால் அதற்கு முன்பே இன்ஜின் இல்லாத கிளைடரில் நூற்றுக்கணக்கான தடவை மிதந்து, சமாளிக்கக் கற்றுக்கொண்டிருந்தார்கள். இறக்கை, கட்டுப்பாடு, ஓட்டும் பழக்கம் மூன்றும் முடிந்த பிறகுதான் இன்ஜினைத் தேடினார்கள். லாங்லி இன்ஜினை முதலில் வைத்தார். அவர்கள் கடைசியில் வைத்தார்கள். அவ்வளவுதான் வித்தியாசம்!

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1899-ல் வில்பர் ரைட் பறப்பது பற்றிய தகவல் கேட்டுக் கடிதம் எழுதியது லாங்லியின் ஸ்மித்சோனியனுக்குத்தான். அங்கிருந்து போன பிரசுரங்களில் லாங்லி எழுதியதும் இருந்தது. இவ்வளவு பெரிய விஞ்ஞானியே பறக்க முடியும் என்று நம்புகிறார் என்பது தங்களுக்குத் தெம்பு கொடுத்ததாகப் பின்னால் அவர்கள் ஒப்புக்கொண்டார்கள்.

கடைசி நாட்கள்

1905-ல் ஸ்மித்சோனியன் கணக்காளர் ஒருவர் பணத்தைக் கையாடியது தெரிந்தது. லாங்லி ஒரு பைசா எடுத்தவர் இல்லை. ஆனாலும் தலைவன் நான்தானே என்று சம்பளம் வாங்க மறுத்துவிட்டார். மணமாகாதவர். 1906 பிப்ரவரி 27-ல் தெற்குக் கரோலினாவில் ஏய்க்கன் என்ற ஊரில் காலமானார்.

1914-ல் கர்டிஸ் என்ற விமானக்காரர் லாங்லியின் பெரிய விமானத்தில் பல மாற்றங்கள் செய்து தண்ணீரிலிருந்து கிளப்பிக் காட்டினார். அதை வைத்து ஸ்மித்சோனியன் லாங்லிக்கு முதலிடம் பேச, ஆர்வில் ரைட் கோபித்துத் தங்கள் விமானத்தை 1928-ல் லண்டனுக்கு அனுப்பிவிட்டார். 1942-ல் ஸ்மித்சோனியன் தவறை ஒப்புக்கொண்டது, 1948-ல் விமானம் ஊர் திரும்பியது. பொய்ப் புகழ் லாங்லிக்குத் தேவையே இல்லை. அமெரிக்காவின் முதல் விமானந்தாங்கிக் கப்பலுக்கும், 1917-ல் தொடங்கிய பெரிய விமான ஆய்வகத்துக்கும் அவர் பெயரைத்தான் வைத்தார்கள்.

சரி, எங்கள் புராஜெக்ட்?

லாங்லி ஒதுக்கிய மின்சாரம் மாதிரி விமானத்துக்குத் திரும்பி வரப் பல வருஷம் ஆனது. 1957-ல் இங்கிலாந்தில் டாப்லின் என்பவர் வெள்ளி-துத்தநாக பேட்டரியில் ரேடியோ விமானத்தைப் பறக்கவிட்டார். லித்தியம் பேட்டரியும் பிரஷ் இல்லாத மோட்டாரும் வந்த பிறகு கணக்கே மாறிவிட்டது. இன்றைக்கும் எடைக்கு எடை பார்த்தால் பெட்ரோல்தான் ராஜா. ஒரு கிலோவில் சுமார் 12,000 வாட்-மணி சக்தி. அதில் பெரும்பகுதி சின்ன இன்ஜினில் சூடாகப் போய்விடும் என்பது வேறு விஷயம். நாங்கள் பார்த்த பேட்டரி 11.1 வோல்ட், 2,200 மில்லி ஆம்பியர்-மணி. பெருக்கினால் 24 வாட்-மணி, எடை 180 கிராம் சுமார். சராசரி 150 வாட் இழுத்தால் 10 நிமிடம் வரும், பேட்டரியைக் காப்பாற்றக் கொஞ்சம் மிச்சம் விட்டால் 8 நிமிடம். அதே சக்திக்கு லெட்-ஆசிட் பேட்டரி என்றால் இன்றைக்கே முக்கால் கிலோ வரும். லாங்லி ஏன் மறுத்தார் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

எங்களுக்கு வேண்டியது 8 நிமிடம்தான். அரை மணி நேரம் சுமை தூக்கிப் பறக்க வேண்டும் என்றால் நான் இன்ஜினுக்கே சண்டை போட்டிருப்பேன். எவ்வளவு எடை, எவ்வளவு நேரம் என்று முதலில் கேட்டிருந்தால் அந்த இரண்டு வாரச் சண்டையே வந்திருக்காது. மோட்டார் என்று நானே எழுந்து சொன்னேன். அப்பாவிடம் போய்ச் சொல்லத் தயக்கமாக இருந்தது. அவர் சிரித்தார். அவரே இப்போது பாதி நாள் கரண்ட் மோட்டார்தான் ரிப்பேர் பார்க்கிறார். லைன் இல்லாத கிணற்றுக்கு இன்ஜின், லைன் இருக்கிற கிணற்றுக்கு மோட்டார். இது அவருக்குப் படிக்காமலே தெரிந்திருக்கிறது.

ஆனாலும் லாங்லியின் தப்பை நாங்களும் செய்தோம்! மோட்டார் பேச்சிலேயே நாள் போய், எடை மையத்தைச் சரிபார்க்காமல் விட்டோம். முதல் நாள் மைதானத்தில் எல்லோரும் பார்க்க வால் கனத்து, மூக்கு மேலே போய், திரும்பித் தரையில் குத்தியது. ஒரு இறக்கை போச்சு. ஜூனியர் பசங்கள் கைதட்டிச் சிரித்தார்கள். அன்றிரவு ஹாஸ்டலில் எனக்குத் தூக்கம் இல்லை. புராஜெக்ட்டுக்குப் போட்ட பணம் அப்பாவின் பணம். எங்கள் வீட்டில் இதற்கு முன் யாரும் தோற்கிற அளவுக்குக்கூடப் படித்ததில்லை. இரண்டாவது தடவை ஆற்றில் விழுந்த பெரியவரை நினைத்துக்கொண்டே படுத்திருந்தேன்.

மறுநாள் இறக்கையை ஒட்டினோம். மோட்டாரை மாற்றவில்லை. பேட்டரியை மூன்று விரல்கடை முன்னால் தள்ளினோம். முதலில் மோட்டார் போடாமல் கையால் வீசி, புல்வெளியில் திரும்பத் திரும்ப மிதக்கவிட்டோம். நேராகப் போய் உட்காரும் வரை விடவில்லை. பிறகுதான் மோட்டார். ஏழு நிமிடம் பறந்தது, நண்பர்களே!

இன்ஜினா, மோட்டாரா என்று சண்டை போடுவது சுகமாகத்தான் இருக்கும். ஆனால் இறக்கை தாங்குமா, நமக்கு ஓட்டத் தெரியுமா என்ற கேள்விகள் முதலில் வர வேண்டும். அது நமக்குத் தெரிவதற்காக ஒரு பெரியவர் ஊர் சிரிக்க இரண்டு தடவை தோற்றிருக்கிறார். அவரைப் பார்த்து நாம் சிரிக்க வேண்டாம்.